30 வருஷ பழைய கச்சேரி குழு: ஃபுல் டீம் கூப்பிடவா, கீபோர்டும் பேடும் போதுமா?

பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஊர்ல வருஷா வருஷம் ஒரே மெல்லிசைக் குழுதான், நான் டவுசர் போட்ட காலத்துலருந்து பாக்குறேன், மொத பாட்டு பிள்ளையாருக்கு, அப்புறம் டிஎம்எஸ், கடைசில குத்து. இந்த வருஷம் கமிட்டில பசங்க டிஜே போதும்ங்குறாங்க, பெருசுங்க விட மாட்டேங்குது. குழு அண்ணன் ரெண்டு ரேட் சொல்றார், 12 பேர் வந்தா ஒண்ணு, கீபோர்டு, பேடு (குச்சியால தட்டுற எலக்ட்ரானிக் ட்ரம்), ரெண்டு சிங்கர் மட்டும்னா அதுல பாதி. எது எடுக்கலாம்? இளையராஜா பாட்டு பாடுனா காப்பிரைட் நோட்டீஸ் வரும்னு வேற ஒருத்தன் பயமுறுத்துறான்.

பழைய கீபோர்டு:
19 வருஷம் மேடையில வாசிச்சவன் சொல்றேன். பாதி ரேட் டீம்னா டோலக், தபலா, ட்ரம்ஸ் எல்லாம் பேடுல ஒருத்தர் குச்சியிலயே வந்துரும், ஃப்ளூட் வயலின் கீபோர்டுக்காரன் சோத்தாங்கையில, பாதி பாட்டுக்கு பென்டிரைவ்ல ட்ராக், அதாவது முன்னாடியே பதிவு பண்ணி வச்ச மியூசிக். ட்ராக்ல என்ன தொல்லைன்னா அது நிக்காது. நடுவுல மைக்ல "மேலத்தெரு மாமா 500 ரூவா அன்பளிப்பு"ன்னு படிப்பாங்கள்ல, லைவ்னா டோலக்காரர் அதே தாளத்த இன்னும் நாலு சுத்து உருட்டிட்டு தலையாட்டுவார், சிங்கர் சரணம் எடுப்பாங்க. ட்ராக்னா சிங்கர்தான் பாட்டு பின்னாடி ஓடணும். எங்க சிங்கர் அக்கா பாட்டு நோட்டுல பக்கத்துக்கு பக்கம் மூலையில ஸ்கேல், அதாவது பாடுற சுருதி எழுதிருக்கும், சி ஷார்ப்ப அடிச்சுட்டு இறக்கி பி, அப்புறம் அதையும் அடிச்சுட்டு ஏ. அவங்க வயச அந்த மூலையிலதான் பாத்தேன்.
12 பேர் வேணாம், ஏழு பேர் கேளுங்க. கீபோர்டு, பேஸ் கிடார், டோலக், பேடு, ரெண்டு சிங்கர், மிச்ச காசுல ஃப்ளூட். அட்வான்ஸ் குடுக்கும்போதே ட்ராக்கா லைவான்னு கேட்டுருங்க.

வக்கீல் குமாஸ்தா:
அந்த நோட்டீஸ் 2017ல எஸ்பிபிக்கு வந்தது, அமெரிக்கால டிக்கெட் போட்டு பாடிட்டு இருந்தப்ப. சினிமாவுக்கு முன்னாடி அதே எஸ்பிபி குழுவுல வாசிச்சவர்தான் ராஜா, அது தனிக் கதை. காப்பிரைட் சட்டம் 52(1)(za)ல மதச் சடங்குக்கும் கல்யாண விசேஷத்துக்கும் விலக்கு இருக்கு. கோயில் கச்சேரி சடங்குல சேருமா சேராதான்னு வாதாடலாம், அதனால டிக்கெட், ஸ்பான்சர்னு மட்டும் போயிறாதீங்க.

தெக்குத்தெரு:
விடிய விடியல்லாம் மறந்துருங்க. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அரசாங்கம் அறிவிச்சா மட்டும் வருஷத்துல 15 நாளுக்குள்ள 12 வரைக்கும். போன வருஷம் எங்க ஊர்ல எட்டரைக்குத்தான் மேடை ஏறுனாங்க, எம்எல்ஏ வாழ்த்துரை அரை மணி நேரம், மிச்சம் 12 பாட்டு. ஆறரைக்கு ஆரம்பிங்க.

கேள்வி கேட்டவன்:
ஏழு பேருக்கு பேசிட்டேன், அண்ணனுக்கு சந்தோஷம். ஃப்ளூட்காரர் இப்ப ஆட்டோ ஓட்டுறாராம், அன்னைக்கு சவாரிய விட்டுட்டு வர்றேன்னுருக்கார்.