தாத்தாவின் சிறைக்காலமும் சங்க மலரில் வரவேண்டும்

உறவுகளுக்கு வணக்கம்.

சங்க மலருக்குத் தாத்தாவின் படமும் பதக்க விவரமும் கேட்டிருந்தீர்கள். அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த மூன்றரை வருஷத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சாப்பர் பிரிவு, அதாவது பாலம் கட்டுவது, தகர்ப்பது போன்ற வேலைகளைப் பார்க்கும் பொறியியல் படை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து சிங்கப்பூர் வரை பின்வாங்கல்தான். பாலத்தைத் தகர்ப்பது, ராத்திரியெல்லாம் நடப்பது, அடுத்த பாலம். 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தார்கள். 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் உட்கார வைத்தார்கள். ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா தன் மொழியில் பேச, அதை ஆங்கிலத்திலும் அப்புறம் இந்துஸ்தானியிலும் சொன்னார்களாம். தாத்தாவுக்கு இரண்டுமே அரைகுறை. பக்கத்தில் இருந்தவர் காதோடு தமிழில் சொன்ன பிறகுதான், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிடும் படையில் சேரக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்திருக்கிறது.

கைதியான இந்திய அதிகாரி மோகன் சிங் தலைமையில் அப்படி அமைந்த இந்திய தேசிய ராணுவத்தில் அவர் சேரவில்லை. கேட்டால், "உப்பைத் தின்னாச்சு" என்பார். சேர்ந்தவர்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. மலரிலும் இரு தரப்பையும் அதே மரியாதையோடு எழுத வேண்டும்.

சேராதவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். தாத்தா போய்ச் சேர்ந்தது நியூ பிரிட்டனில் உள்ள ராபால். சோறு குறையக் குறைய பெரிபெரி வந்தது, சத்துக் குறைவால் கால் வீங்கும் நோய். சிறுவயதில் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "உனக்கு உடனே எழும்பிடுது பார். எங்களுக்குக் குழி அப்படியே நிக்கும். எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்த்து, இவன் இன்னும் எத்தனை நாள்னு கணக்குப் போடுவோம்." அந்த விரலின் அழுத்தம் இன்னும் என் காலில் இருக்கிறது. 1945இல் ஆஸ்திரேலியப் படை வந்து மீட்டபோது, அவரோடு போன நம் மேலத்தெருக்காரர் உயிரோடு இல்லை.

கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடச் சுவரில் இருக்கின்றன. நம் இந்தியச் சிப்பாய்களும் அதில் உண்டு. நான் இங்கேதான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் திரும்பி வராதவர் யாராவது இருந்தால் பெயர், தகப்பனார் பெயர், பட்டாள எண் மூன்றையும் எனக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில் நம் பெயர்களைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள், அதனால் பழைய பென்ஷன் காகிதம் கிடைத்தால் படமெடுத்தும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடிப் பார்க்கிறேன்.