"மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை": முன்னோட்டத்தில் ஒருவர்கூட "ஆம்" சொல்லவில்லை

கேள்வி கேட்டவர் (புனைபெயர்): தரவுத்தாள்

கல்லூரி மாணவர்கள் ஆன்லைனில் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. 600 பேருக்கு ஆன்லைன் படிவம், பிறகு 24 பேரிடம் நேர்காணல். முன்னோட்டத்தில் 40 பேர் நிரப்பினார்கள். தலைப்பில் உள்ள கேள்விக்கு அத்தனை பேரும் "இல்லை". கோளாறு கேள்வியிலா, ஆள் சேர்த்த விதத்திலா?

பதில்: எண்கணக்கு

இரண்டிலும்தான். முதலில் கேள்வி. சான்றிதழ் இல்லாதவர், பெயர் ஒட்டிவிடுமோ என்று தயங்குபவர், காது மந்தமானாலும் தன்னை அப்படி நினைக்காதவர் எல்லோரும் "இல்லை" என்றே தொடுவார்கள். வாஷிங்டன் குழுவின் (மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்கான ஐ.நா. சார்ந்த குழு) சுருக்கத் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைப் பராமரித்தல், பேசிப் புரிந்துகொள்ளுதல் என 6 கேள்விகள். "கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா?" என்ற பாணியில் இருக்கும். பதில்கள் 4: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒன்றில் "மிகுந்த சிரமம்" அல்லது அதற்கு மேல் வந்தால் கணக்கில் சேரும். இந்தப் பகுதிக்கு மேலே "மாற்றுத்திறன்" என்று தலைப்பு வைத்தால் செய்த வேலை வீண்.

குறையும் உண்டு. பதற்றம், மனச்சோர்வு இந்த ஆறில் சிக்காது. அவை அதே குழுவின் விரிவான தொகுப்பில் உண்டு. வாசிப்புக் குறைபாடும் பெரும்பாலும் நழுவும்.

"பங்கேற்க உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?" என்பது வேறு கேள்வி. அதை அழைப்பிலேயே கேளுங்கள், தரவோடு கலக்காதீர்கள்.

பதில்: விசைப்பலகை

படிவத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்: கட்டக் கேள்வி இருக்கும். 8 வாக்கியம், 5 நெடுவரிசை. பல படிவங்களில் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) அது "பொத்தான், தேர்வாகவில்லை" என்று 40 தடவை கேட்கும்; எந்த வாக்கியத்துக்கு எந்தப் பொத்தான் என்று தெரியாது. தனித்தனிக் கேள்வியாகப் பிரியுங்கள். இழுத்து வரிசைப்படுத்தும் கேள்வியை எடுத்துவிட்டு, எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வையுங்கள். படக் கேப்சாவை (மனிதர்தானா என்று சோதிக்கும் படப்புதிர்) எடுத்துவிடுங்கள். நேரக்கெடு வைத்தால் பாதியில் சேமித்துத் திரும்பும் வசதி வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5:1.

ஒப்புதல் படிவம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம். காதுக்கு ஒன்றுமே வராது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததும் அப்படித்தான்: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறி, கேட்பது உளறல். யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

சோதனை எளிது. மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் முடியுங்கள். பிறகு திரைவாசிப்பானோடு: கணினியில் என்விடிஏ (இலவசம்), ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக். தொலைபேசியில் பதில் சொல்லும் வழியை முதல் பக்கத்தில் போடுங்கள். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டவர் கடைசிப் பக்கத்தை எங்கே பார்க்கப்போகிறார்?

பதில்: இருகை

நேர்காணல் பற்றி. காது கேளாதவரோடு ஒரு மணி நேரம் என்றால் சைகைமொழிபெயர்ப்பாளர் இருவர்; சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒருவரே தொடர்ந்தால் களைப்பில் வாக்கியங்கள் விடுபடும். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு அனுப்புங்கள். அம்மாவையோ தோழியையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

"எழுதித் தரட்டுமே" என்பதும் சரிவராது. பலருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழி. ஒலிப்பதிவு மட்டும் இருந்தால் உங்களிடம் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் சொற்கள். வீடியோ எடுத்து, சைகைமொழி தெரிந்த இன்னொருவரை ஒப்பிடச் சொல்லுங்கள். முகத்தை மங்கலாக்க முடியாது, முகபாவம் இலக்கணத்தின் பகுதி. எனவே வீடியோவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதற்குத் தனி ஒப்புதல்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் 5 படி அளவுகோல் வேண்டாம், 3 போதும். எதற்கும் "ஆமாம்" சொல்லும் போக்கு இருக்கும். அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேளுங்கள். ஒப்புதலில் கையெழுத்தைவிட, "நடுவில் நிறுத்தணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டு அவர் சொல்வதைக் கேட்பது மேல்.

தரவுத்தாள்:

நன்றி. பராமரிப்பவர் அவருக்காகப் பதில் சொன்னால் எடுத்துக்கொள்ளலாமா?

எண்கணக்கு:

யார் பதிலளித்தார் என்று தனி நெடுவரிசை வையுங்கள். வகுப்புக்கு வந்தாரா, எந்தக் கருவி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் சரி. வகுப்பு பிடித்ததா, தனிமையாக உணர்ந்தாரா என்பதற்கு வேறொருவர் சொன்ன பதிலைப் பகுப்பாய்வில் சேர்க்காதீர்கள்.

விசைப்பலகை:

ஒன்று விட்டுப்போச்சு. 24 பேரைத் தேர்வதில் "கேமரா ஆன் செய்து பேசக்கூடியவர்" மாதிரி நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேள்விகளை இறுதி செய்யும் முன் இரண்டு மூன்று மாற்றுத்திறனாளி மாணவர்களை ஊதியம் கொடுத்து ஆலோசகர்களாக வையுங்கள். இப்படிப்பட்டவை அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.