ஹென்றியா, குக்கா? ஞாயிறுக்குள்ள சொல்லுங்க

மக்களே, ஃபேன்டஸி ஃபுட்பால்ல (நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை வெச்சு டீம் கட்டி, அவங்க ஆட்டத்துக்கு பாயின்ட் வாங்கற விளையாட்டு) இடியாப்பச் சிக்கல். ஆபீஸ் லீக், முழு பிபிஆர்: ஒரு கேட்சுக்கு 1 பாயின்ட், 10 யார்டுக்கு 1. ரன்னிங் பேக்குக்கு (பந்தை எடுத்துக்கிட்டு ஓடறவர்) ரெண்டே இடம், ரன்னிங் பேக்கோ ரிசீவரோ யாரையும் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்தை ரிசீவருக்குக் (பந்தைப் பிடிக்கறவர்) கொடுத்தாச்சு.

ஜாமிர் கிப்ஸ் கண்டிப்பா உள்ள. இன்னொரு இடம் டெரிக் ஹென்றிக்கா, ஜேம்ஸ் குக்குக்கா? 2024 சீசன்ல மூணு பேரும் ஓடியே ஆளுக்கு 16 டச்டவுன் (எதிரணியோட கோல் லைனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோறது). கேட்ச்தான் இடிக்குது: கிப்ஸ் 52, குக் 32, ஹென்றி வெறும் 19. கேட்ச் கணக்கை மட்டும் பார்த்தா குக்தான். ஆனா கோல் லைன் பக்கத்துல ஹென்றி ரெண்டு பேரை முதுகுல இழுத்துக்கிட்டே உள்ள விழறதைப் பார்த்தவனுக்கு அவரை பெஞ்சுல வைக்கக் கை வருமா?

போன வாரம் நான் உட்கார வெச்சவர்தான் பொளந்து கட்டினார். வீட்டுல இன்னும் சிரிக்கிறாங்க. ஞாயிறு மதியம் 1 மணிக்கு டீம் லாக் ஆயிடும், அப்புறம் மாத்த முடியாது. யாரைப் போடலாம், ஏன்?