ஏர்கோன் குழாயில் கசிவு, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் அறைக்கு 1 குதிரைத்திறன் ஏர்கோன் வாங்கி நானே மாட்டுகிறேன். பழைய தோட்ட வீடு, தகரக் கூரை. மத்தியானம் அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்.

வாக்குவம் பம்ப் போட்டு, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 500 மைக்ரான் வரை இறக்கினேன். பம்பை நிறுத்தியதும் எண் மெல்ல ஏறுகிறது. நட்டைக் கழற்றிப் பார்த்தால், செம்புக் குழாயின் விரிந்த வாயில் மயிரிழை போல ஒரு கீறல். வெட்டிவிட்டு மறுபடி விரிக்கலாமா? சுவருக்கு வெளியே 3 அங்குலம்தான் மிச்சம். இல்லை, புதுக் குழாயே போடுவதுதான் நல்லதா?

ஏர்கோனில் இருக்கும் ஆர்-32 குளிரூட்டும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, அதனால் அதைக் குழாய்க்குள் விடும் வால்வை இன்னும் திறக்கவில்லை. வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விட்டுவிட்டேன். அப்புறம், பக்கத்தில் யாரிடமாவது குழாய் வாய் விரிக்கும் நல்ல கருவி இருந்தால் இரண்டு நாளைக்குத் தாருங்கள், வாடகை கொடுத்துவிடுகிறேன்.