தூக்க மாத்திரை பலன் தராமல் போனால் அளவைக் கூட்டலாமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கணவர் மறைந்த பின் தூக்கம் கெட்டுப்போனதால், மருத்துவர் சோல்பிடெம் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். தொடக்கத்தில் படுத்தவுடன் உறங்கினேன். ஓராண்டுக்கு மேலாகிவிட்ட இப்போது, மாத்திரை போட்டாலும் நள்ளிரவு வரை புரண்டுகொண்டிருந்து, சற்றே கண்ணயர்ந்து, மூன்று மணிக்கெல்லாம் விழித்துவிடுகிறேன். இரண்டாகப் போடுங்கள், சீட்டு இல்லாமலே பொள்ளாச்சியில் கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மருத்துவரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அதுவரை என்ன செய்யலாம்?

மருந்தாளுநர், பொள்ளாச்சி:
அம்மா, எல்லைக்கு இருபுறமும் சட்டம் ஒன்றுதான். இது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். சீட்டு கேட்காத கடையில் இருமல் மருந்துகூட வாங்காதீர்கள்.

இம்மாத்திரை சில வாரங்களுக்கென்றே உருவானது. நாள்தோறும் உட்கொள்ளும்போது மூளை அதற்குப் பழகிவிடுவதால் பலன் குறைகிறது. அளவைக் கூட்டினால் அதற்கும் பழகிவிடும். பெண்களின் உடலிலிருந்து இது மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால், பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவை 10 மி.கி.இலிருந்து 5 மி.கி.ஆகக் குறைக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே கூறியது. உங்கள் வயதில் இரட்டை அளவு போட்டு இரவில் எழுந்தால் தடுமாறி விழும் ஆபத்து அதிகம். சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். சில இரவுகள் முன்பைவிட மோசமாகக்கூடும். எழுதிய அளவிலேயே தொடருங்கள், குறைக்கும் வழியை மருத்துவர் சொல்லட்டும்.

மீனாட்சிபுரம்:
கள் இறங்கும் சித்தூர்ப் பக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: தூக்கத்துக்கென்று ஒரு குவளை கள் குடிக்கச் சொல்லவும் ஆள் வருவார்கள். இம்மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே தளரக்கூடும். உரத்த குறட்டை உண்டென்றால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம்.

செங்கோட்டைக்காரர்:
எனக்கு உதவியது மாத்திரையன்று, தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. நம் ஊர்களில் இதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இச்சிகிச்சையில், படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரமே தூங்குபவரை, கிடக்கும் நேரத்தையே ஏறத்தாழ அந்த அளவுக்குச் சுருக்கச் சொல்வார்கள். எழும் நேரம் மாறக் கூடாது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 விழுக்காடு உறங்கத் தொடங்கிய பின், அந்நேரத்தைக் கால் கால் மணியாகக் கூட்டுவார்கள். முதல் வாரங்களில் பகலெல்லாம் கண் சொக்கும் என்பதால், வண்டி ஓட்டுபவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் தாமாகச் செய்யக் கூடாது. மாத்திரையும் உட்கொள்ளும் நீங்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

இன்றே செய்யக்கூடியது வேறு: தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், வராவிட்டால் மணி பார்க்காமல் எழுந்து, விளக்கைக் குறைத்து அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மிக்க நன்றி. மாலை ஐந்து மணிக் காப்பியை விட வேண்டுமா?

மருந்தாளுநர், பொள்ளாச்சி:
ஆம், அம்மா. அதிலுள்ள காஃபீனில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் தங்கியிருக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள். படுத்தது, எழுந்தது, மாத்திரை போட்ட நேரம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கணவரின் நினைவால் இரவுகள் தாங்க முடியாமல் போனால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.