நேற்று அனுப்பியதற்கு ‘ஹேவ் சென்ட்’ போடுவதா, ‘ஹேட் சென்ட்’ போடுவதா?

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டைல இருந்து வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்கறவருக்கு) போற மெயில். லெதர் சாம்பிள் பத்தினது. மூணு வரில சந்தேகம் இருக்கு.

1. ‘வி ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ் எஸ்டர்டே.’
2. ‘வி ஹேட் புக்டு தி கன்டெய்னர் லாஸ்ட் வீக்.’
3. ‘வி ஆர் ஒர்க்கிங் வித் திஸ் டேனரி சின்ஸ் 2015.’

இப்பதான் முடிஞ்ச வேலைக்கு ‘ஹேவ்’ போடணும்னு கிராமர் புத்தகத்துல இருக்கு. நேத்து அனுப்பினது இப்பதான் முடிஞ்ச வேலைதானே? ‘ஹேவ்’, ‘ஹேட்’ ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

காட்பாடி ஜங்ஷன்:
மூணு வரியும் தப்புங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற. முதல் வரியை நான் எடுத்துக்கிறேன்.

தமிழ்ல ‘அனுப்பிட்டோம்’, ‘அனுப்பியிருக்கோம்’ ரெண்டோடயும் ‘நேத்து’ தாராளமா சேரும். ‘நேத்தே அனுப்பியிருக்கோமே’ன்னு சொன்னா யாருக்கும் உறுத்தாது. அந்தப் பழக்கத்துலதான் ‘ஹேவ் சென்ட் எஸ்டர்டே’ தானா வந்து விழுது. இங்கிலீஷ்ல ‘ஹேவ் சென்ட்’ங்கிறது நிகழ்காலக் குடும்பத்து வடிவம். ‘வேலை முடிஞ்சது, அதனால இப்ப நிலைமை இது’ன்னு சொல்லத்தான் அது இருக்கு. முடிஞ்சுபோன ஒரு நேரத்தை அதே வரில குறிப்பிட்டா பொருந்தாது.

எவ்வளவு சமீபத்துல நடந்ததுங்கிறது முக்கியமே இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி அனுப்பினாலும் ‘அகோ’ வந்துட்டா ‘வி சென்ட் இட் ஃபைவ் மினிட்ஸ் அகோ’தான். முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனி போனவரைப் பத்தி, எப்பன்னு சொல்லாம, ‘ஹி ஹேஸ் விசிட்டட் ஜெர்மனி’ன்னு எழுதலாம், அது சரி. அதனால புத்தகத்துல இருக்கிற ‘இப்பதான்’ங்கிற சொல்லை விட்டுடுங்க. எழுதின வரியைப் பார்த்து ‘எப்போ?’ன்னு கேளுங்க. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், ஆன் மண்டே, ஆன் 12 மார்ச், அட் 4.30, இன் 2019 மாதிரி ஒரு பதில் அந்த வரிக்குள்ளேயே இருந்தா ‘ஹேவ்’ வரக்கூடாது. டுடே, திஸ் வீக், ஸோ ஃபார் (இதுவரைக்கும்), எட் (இன்னும்) மாதிரி இன்னும் முடியாத நேரமா இருந்தா வரலாம். ‘திஸ் மார்னிங்’ மட்டும் எழுதற நேரத்தைப் பொறுத்தது. காலை 11 மணிக்கு எழுதினா ‘ஹேவ் சென்ட்’ ஒத்துக்கும், சாயங்காலம் 4 மணிக்கு எழுதினா வெறும் ‘சென்ட்’.

ஆபீஸ் மெயிலுக்கு நல்லா ஒத்துவர்ற முறை, செய்தியை ‘ஹேவ்’ல சொல்லிட்டு விவரத்தை அடுத்த வரில சாதாரண இறந்தகாலத்துல சொல்றது:

‘வி ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ். தே லெஃப்ட் சென்னை ஆன் மண்டே.’

முதல் வரில தேதி இல்ல, ரெண்டாவது வரில ‘ஹேவ்’ இல்ல. ஏர்வே பில் நம்பரை மூணாவது வரியா கொடுத்துடுங்க.

நம்ம ஊர் உதாரணமே ஒண்ணு இருக்கு. ‘ராணிப்பேட் ஹேஸ் பிகம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2019’ தப்பு, ‘பிகேம்’ வரணும். ‘ராணிப்பேட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019’ சரி. ரெண்டுலயும் அதே வருஷம்தான். ‘இன்’ அந்த வருஷத்தோட நின்னுடுது, ‘சின்ஸ்’ அங்கே இருந்து இன்னிக்கு வரைக்கும் வருது.

கோட்டைவாசல்:
ரெண்டாவது வரியைப் பத்திச் சொல்றேன். அதுதான் அதிகமா குழப்பம் பண்ற வரி.

‘நேத்து ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீங்களா?’ன்னு நாம கேட்கிறோம். ‘அனுப்பினேன்’னா வெடுக்குனு இருக்கு, ‘அனுப்பியிருந்தேன்’ல ஒரு பணிவு இருக்கு. பதில் வரலைங்கிற நினைவூட்டலும் அதுலயே அடங்கிடுது. அதை அப்படியே கொண்டுபோனா ‘ஐ ஹேட் சென்ட் எ மெயில் எஸ்டர்டே’. அந்தப் பணிவு ‘ஹேட்’ல கிடையாது. இன்னொரு இறந்தகாலச் செயலுக்கும் முன்னாடி நடந்ததைக் காட்டறதுதான் அதோட வேலை. அந்த இன்னொரு செயல் எங்கேன்னு படிக்கிறவர் தேடுவார்.

தேடிக் கிடைக்கலைன்னா தப்பா புரிஞ்சுக்கவும் வாய்ப்பிருக்கு. ‘வி ஹேட் புக்டு தி கன்டெய்னர்’னு படிச்சா, புக் பண்ணியிருந்தாங்க, அப்புறம் என்னமோ ஆகிடுச்சு, கேன்சல் போலிருக்குன்னு தோணும். ‘வி புக்டு தி கன்டெய்னர் லாஸ்ட் வீக்’னு எழுதினா அந்தச் சந்தேகமே வராது.

‘ஹேட்’ தேவைப்படற இடத்தையும் பாருங்க:

‘வென் தி டிரக் ரீச்டு தி போர்ட், தி வெசல் லெஃப்ட்.’ லாரி வந்ததும் கப்பல் கிளம்புச்சு.
‘வென் தி டிரக் ரீச்டு தி போர்ட், தி வெசல் ஹேட் லெஃப்ட்.’ லாரி வரும்போது கப்பல் ஏற்கெனவே போயிடுச்சு, சரக்கு ஏறலை.

இந்த ஒரு சொல்லுல சரக்கு ஏறிச்சா இல்லையான்னே மாறிடுது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தா எது முந்தின்னு அதுவே காட்டிடும், ‘ஹேட்’ கட்டாயமில்ல: ‘வி செக்டு தி லெதர் பிஃபோர் வி கட் இட்.’

வேலூர் சிப்பாய்க் கலகம் பத்தின ஸ்கூல் கட்டுரையிலயும் இதே தப்பு வருது. ‘தி சிப்பாய்ஸ் ஹேட் ரிவோல்டட் இன் 1806’னு எழுதறாங்க. தனி வரியா இருந்தா ‘ரிவோல்டட்’ போதும். 1799-ல திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைங்களைக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டைல வச்சிருந்தாங்க. அதை 1806-ஓட சேர்த்துச் சொல்லும்போது ‘ஹேட்’ வேணும்: ‘வென் தி சிப்பாய்ஸ் ரிவோல்டட், டிப்பூஸ் சன்ஸ் ஹேட் பீன் இன் தி ஃபோர்ட் ஃபார் செவரல் இயர்ஸ்.’

நல்லெழுத்து:
மூணாவது வரி. ‘2015-ல இருந்து வேலை செஞ்சிட்டிருக்கோம்’ தமிழ்ல நிகழ்காலம், அதான் ‘ஆர் ஒர்க்கிங்’னு வருது. அப்ப ஆரம்பிச்சு இன்னும் நடக்குதுன்னா ‘வி ஹேவ் பீன் ஒர்க்கிங் வித் திஸ் டேனரி சின்ஸ் 2015’.

தொடங்கின இடத்துக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ கூடாது, ‘ஃபார் த்ரீ இயர்ஸ்’.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்க இதைக் கவனிக்கணும். ‘ஐ ஒர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’னா அந்த வேலையை விட்டாச்சுன்னு அர்த்தம். இன்னும் அங்கேயே இருக்கிறவர் ‘ஐ ஹேவ் ஒர்க்டு ஹியர்’னுதான் எழுதணும்.

நோ (தெரியும்), ஹேவ் (இருக்கு), பிலாங் (சொந்தம்) மாதிரி நிலையைக் காட்டற வினைகளுக்கு ‘இங்’ சேர்க்காதீங்க. ‘வி ஆர் ஹேவிங் 2000 ஸ்கொயர் ஃபீட் இன் ஸ்டாக்’ இல்ல, ‘வி ஹேவ் 2000 ஸ்கொயர் ஃபீட்’. லீவ் லெட்டர்ல வர்ற ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் எஸ்டர்டே’யும் இதே வகைதான். ‘ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் எஸ்டர்டே’ன்னு வரணும். ‘ஹேவ் ஹேட்’ அடுத்தடுத்து வருதேன்னு பயப்பட வேணாம். முன்னாடி இருக்கிறது துணைவினை, பின்னாடி இருக்கிறதுதான் ‘காய்ச்சல் இருக்கு’ங்கிறதுல வர்ற ‘இருக்கு’.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றிங்க. ஒரு இடம் இடிக்குது. ‘எஸ்டர்டே’ இருந்தா ‘ஹேவ்’ வரக்கூடாதுன்னு காட்பாடி ஜங்ஷன் சொன்னார். ‘ஹேவ் ஹேட் ஃபீவர் சின்ஸ் எஸ்டர்டே’ல ரெண்டும் இருக்கே? அப்புறம் அமெரிக்காக்காரங்க ‘டிட் யூ கெட் இட் எட்?’னு எழுதறாங்க. ‘எட்’ இருந்தும் ‘ஹேவ்’ இல்லையே?

காட்பாடி ஜங்ஷன்:
சரியா பிடிச்சீங்க, நான் சொன்னதுல அந்த இடம் குறைதான். ‘எஸ்டர்டே’ தனியா நின்னா முடிஞ்ச நேரம். முன்னாடி ‘சின்ஸ்’ வந்துட்டா நேத்துல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் நீளுது, நேரம் இன்னும் முடியலை. அதனால சொல்லை மட்டும் பார்க்காம, அதுக்கு முன்னாடி ‘சின்ஸ்’ இருக்கான்னும் பாருங்க.

அமெரிக்க வழக்குல ‘எட்’, ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’ மூணோடயும் சாதாரண இறந்தகாலம் வரும். ‘வி ஆல்ரெடி சென்ட் இட்’ அங்கே இயல்பு. பிரிட்டிஷ் வழக்குல ‘வி ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்’ எழுதறதுதான் அதிகம். ‘ஹேவ்’ போட்டே எழுதுங்க, ரெண்டு பக்கமும் சரின்னு எடுத்துப்பாங்க. ‘ஹேவ் சென்ட் எஸ்டர்டே’ மட்டும் எந்தப் பக்கமும் செல்லாது.

பாலாற்றங்கரை:
திருத்தி எழுதிட்டேன், ஒரு தடவை பாருங்க:

‘வி ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ். தே லெஃப்ட் சென்னை எஸ்டர்டே. வி புக்டு தி கன்டெய்னர் லாஸ்ட் வீக். வி ஹேவ் பீன் ஒர்க்கிங் வித் திஸ் டேனரி சின்ஸ் 2015. ப்ளீஸ் கன்ஃபர்ம் ஒன்ஸ் யூ வில் ரிசீவ் தி சாம்பிள்ஸ்.’

கோட்டைவாசல்:
முதல் நாலு வரி சுத்தமா இருக்கு. கடைசி வரில ‘வில்’லை எடுத்துடுங்க. கிடைக்கப்போறது இனிமேல்தான், ஆனாலும் ‘ஒன்ஸ்’, ‘வென்’, ‘ஆஃப்டர்’ பின்னாடி ‘வில்’ வராது. ‘கிடைச்சதும்’னு நாம சொல்றதுலயும் எதிர்காலம் கிடையாது பாருங்க. ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் ஒன்ஸ் யூ ஹேவ் ரிசீவ்டு தெம்.’ இதை மாத்திட்டு அனுப்பிடலாம்.