பிசிக்கலிசத்துக்குத் தமிழ்ச் சொல்: பூதவாதமா, பௌதிகவாதமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதன் அடிப்படையில் ஆன்மாவா, உடலும் அதன் இயக்கமும் மட்டுமேயா என்ற வழக்கில் இரண்டாம் கட்சிக்குரிய பெயரான பிசிக்கலிசத்தை 'இயற்பியல்வாதம்' எனலாம் என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் முன்மொழிந்தார். அதை ஏற்கத் தயங்குகிறேன். 1930களின் தொடக்கத்தில் தத்துவ அறிஞர்களான ஓட்டோ நியூராத்தும் ருடால்ஃப் கார்னாப்பும் அச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, அறிவியல் கூற்றுகளை எல்லாம் பௌதிக மொழியில் சொல்லிவிட முடியும் என்ற கருத்தையே முதன்மையாகக் குறித்தார்கள். அந்தப் பொருளுக்கு நண்பரின் சொல் ஓரளவு பொருந்தும். இன்று அது மொழியைப் பற்றிய கொள்கையன்று, இருப்பைப் பற்றியது. இயற்பியலோ ஒரு பாடத்துறையின் பெயர்.

'பொருள்முதல்வாதம்' அரசியல் தத்துவத்தில் வேரூன்றிவிட்டது. அதை அங்கிருந்து பெயர்க்க வேண்டியதில்லை. 'உலகாயதம்' காட்சி ஒன்றையே, அதாவது புலன்களால் நேரே அறிவதை மட்டுமே, அளவையாகக் கொண்ட ஒரு பழஞ்சமயத்தின் பெயர். 'சடவாதம்' என்பதை மட்டும் நான் வன்மையாக மறுக்கிறேன். சடம் என்றாலே அறிவற்றது என்று பொருள். அறிவற்றதிலிருந்து அறிவு எப்படிப் பிறக்கும் என்று எதிராளி கேட்கவிருக்கும் கேள்வியை, கேட்பதற்கு முன்பே அந்தச் சொல் கேட்டு, தீர்ப்பும் எழுதிவிடுகிறது. ஆன்மா உண்டு என்று முழுமனதாக நம்பி, அமாவாசைதோறும் அக்னி தீர்த்தத்தில் என் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைப்பவன் நான். எதிர்க்கட்சியின் பெயர் அக்கட்சியாரே விரும்பி ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தொன்மையை மட்டும் பார்த்தால் 'பூதவாதம்' முதலிடம் பெறும். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் பூதவாதியே வந்து பேசுகிறான். நீலகேசியில் பூதவாதத்துக்குத் தனிச் சருக்கமே உண்டு. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டும்போது மதுவின் களிப்பு பிறப்பதுபோல், நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்பது மணிமேகலைப் பூதவாதியின் வாதம். எங்கள் கரையில் இதற்குத் தாதகிப் பூவைத் தேட வேண்டியதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே பாளையின் அதே சாறு கள்ளாகிவிடும். போதை சாற்றில் எங்கும் இருந்ததில்லை, ஆயினும் பிறக்கிறது. பூதவாதிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் சாற்றைப் புளிக்கவைப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி என்பதும், சுண்ணாம்பின் காரம் அதைத் தடுத்துவிடுகிறது என்பதும் இன்று நமக்குத் தெரியும். "பார்த்தீர்களா, வெளியிலிருந்து ஓர் உயிர் வந்து புகுந்தபின்தானே போதை பிறந்தது!" என்று ஆன்மவாதி அதே கலயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்; "அந்த உயிரும் பூதங்களின் சேர்க்கையே" என்று மற்றவர் திரும்ப இழுக்கலாம். ஒரு கலைச்சொல் இந்த இழுபறிக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் பூதவாதத்தையே கொள்ளலாமே என்பீர்கள். நானும் அவ்வாறே எழுதி, மனநலம் பற்றிய ஒரு சிற்றேட்டின் வரைவை ஏர்வாடிக்கு அருகே ஒரு மீனவக் குடியிருப்பில் வாசித்துக் காட்டினேன். பாசி எடுத்துக் கரையேறியிருந்த ஓர் அம்மாள், விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "சார், பூதம் பிடிச்சிருக்குன்னு சொல்றவுகளத்தான் பூதவாதின்னு எழுதியிருக்கீகளா?" என்றார். நான் கருதியதற்கு நேர் எதிரான பொருள்! அவர் மீது பிழையில்லை. இன்றைய தமிழில் பூதம் என்றால் அதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றிச் சிக்க, 28 பேர் மாண்டார்கள். உடம்பைப் பற்றிய நோயா, பேய் பிடித்ததா என்று இன்றும் குடும்பங்கள் தவிக்கும் ஊரில், மூளையைப் பற்றிப் பேச வந்த சொல் பேயைப் பற்றிப் பேசுவதாகப் புரிந்துகொள்ளப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே 'பௌதிகவாதம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். பூதம் என்பதிலிருந்து பிறந்ததே பௌதிகம். மணிமேகலைப் பூதவாதியின் வழித்தொடர்ச்சி அறுபடவில்லை, பேயின் நிழலும் இதில் விழவில்லை. இலங்கை மாணவர்கள் பௌதிகவியல் படிக்கிறார்களே, இதுவும் பாடப்பெயர்தானே என்ற தடை எழலாம். அங்கே துறையைக் குறிப்பது 'இயல்' என்ற ஈறு. பௌதிகம் என்பது துறை ஆராயும் பொருளாகவே நிற்கிறது. வடசொல் என்ற தடைக்கு, பூதமும் வாதமும் ஆன்மாவும் அவ்வாறே வந்து நம்முள் கலந்தவை என்பதே என் மறுமொழி.

எதிர்ச்சொல்லாக 'ஆன்மிகவாதம்' வேண்டாம். கோயில் சுற்றுலாவும் இராசிபலனும் இன்று ஆன்மிகம் என்ற பெயரில்தான் வழங்குகின்றன. 'ஆன்மவாதம்' போதும். பௌதிகவாதி, பௌதிகவாத நோக்கு, பௌதிகவாத மறுப்பு என்று இச்சொல் தடையின்றிக் கிளைக்கிறது என்பதை எழுதிப் பார்த்துவிட்டேன். மறுப்புள்ளவர்கள், தங்கள் சொல்லை வரைவின் அதே பத்தியில் இட்டு, உரக்க வாசித்துப் பார்த்தபின் எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து